ஸிகுவா மக்கள் பற்றிய காட்சி அட்டை: திருத்தம் தேவை

காட்பாடி_காட்சியகம் கேட்டது:

காட்பாடியில் ஒரு கல்லூரியின் பண்பாட்டு நாளுக்கு, கிழக்கு ஆப்பிரிக்க மேசைக்கான தமிழ் அட்டைகளை எழுதும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு. டான்சானியாவுக்கு நான்கு அட்டை, அதில் ஒன்று ஸிகுவா மக்களுக்கு. இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் வாசகம் இது:

"ஸிகுவா அல்லது முஷுங்குலி என்போர் சோமாலியாவின் பாண்டு பழங்குடியினர். இவர்கள் பேசுவது ஸ்வாஹிலியின் ஒரு வட்டார வழக்கு. அடிமை வம்சத்தவர். உணவு சோளக்களி. உடை கைலி போன்றது."

அச்சுக்குப் போகும் முன் சில சந்தேகங்கள்.

ஒன்று, இவர்கள் சோமாலியாவா டான்சானியாவா? சில இடத்தில் ஸிகுவா, சில இடத்தில் ஸிகுலா, முஷுங்குலி என்று இருக்கிறது. மூன்றும் ஒரே மக்களா? இரண்டு, ஸ்வாஹிலியின் வட்டார வழக்கு என்பது சரியா? மூன்று, சோளக்களியை மேசையில் சுடச்சுட ருசிக்கக் கொடுக்க ஏற்பாடு. சுமார் 40 பேருக்கு. மாவு எது, அளவு என்ன? நான்கு, தமிழ் வாசகருக்குச் சட்டென்று ஒட்டுகிற ஒரு விஷயம் வேண்டும். "அவர்களும் நம்மைப் போலவே" வகை வாசகம் வேண்டாம், உண்மையாக இருக்க வேண்டும்.

அட்டைக்கு இடம் 120 சொல். விளக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, சுருக்குவது எங்கள் வேலை.

---

பாலாற்றங்கரை பதில்:

ஐந்து வாக்கியத்தில் நான்கு பிழை. உணவு மட்டும்தான் தப்பியது, அதுவும் பாதி.

முதலில் ஊர். ஸிகுவா மக்களின் மண் டான்சானியாவின் வடகிழக்கு. வடக்கே பங்கானி ஆறு, தெற்கே வாமி ஆறு, கிழக்கே இந்தியப் பெருங்கடல், மேற்கே ங்குலு மலைகள். இதற்குள் அடங்கும் நிலத்துக்கு உஸிகுவா என்று பெயர். இன்றைய நிர்வாகப் பிரிவில் டாங்கா மாகாணத்தின் ஹண்டெனி, கிலிண்டி மாவட்டங்கள்தான் நடு. கொரோக்வே, பங்கானி, பாகமோயோ பக்கமும் இருக்கிறார்கள். வரைபடம் போடுவதாக இருந்தால் ஹண்டெனியில் புள்ளி வையுங்கள். மொகதிஷுவில் வைத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

பெயர் மூன்றானது இப்படி. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஸிகுலா. ஸ்வாஹிலியில் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் லகரம் பழைய காலத்திலேயே உதிர்ந்துவிட்டது, அதனால் ஸ்வாஹிலிக்காரர் வாயில் ஸிகுவா. சோமாலி மொழியில் அந்த அதிர்வுள்ள ஸகரம் கிடையாது. ம்ஸிகுலா என்பது அங்கே முஷுங்குலி ஆயிற்று. நமக்கும் அந்த ஒலிக்கு எழுத்து இல்லை. "ஜிகுவா" என்று எழுதினால் வாசிப்பவர் ஜன்னலில் வரும் ஜ-வாகப் படிப்பார். ஸ போட்டு, மேசையில் நிற்பவர் ஒருமுறை வாயால் சொல்லிக் காட்டுவதே வழி.

இனி சோமாலியா. 1830களின் கடும் பஞ்சத்தில் உஸிகுவாவிலிருந்து ஏராளமானோர் கடற்கரைக்கு இறங்கினர். பலர் ஏமாற்றியும் பிடித்தும் விற்கப்பட்டு, கப்பலில் பெனாதிர் கரைக்கு, அதாவது தெற்குச் சோமாலியாவுக்குப் போய்ச் சேர்ந்தனர். ஷெபெல்லே ஆற்றுப் படுகையில் தோட்ட வேலை. அங்கிருந்து கூட்டமாகத் தப்பித் தெற்கே நடந்தவர்கள் ஜுப்பா ஆற்றின் கீழ்ப்பகுதியில் காட்டைத் திருத்திக் குடியேறினர். (ஜுப்பா என்றதும் சட்டை நினைவுக்கு வரும். அட்டையில் "ஜுப்பா ஆறு" என்று முழுதாக எழுதுங்கள்.) வனங்குச்சா என்ற பெண் வழிநடத்தியதாக அவர்களுடைய வாய்மொழி மரபு சொல்கிறது. சொந்த ஊருக்கே திரும்பும் நோக்கத்தில் கிளம்பி, ஜுப்பாவோடு நின்றார்கள்.

ஏன் அங்கே நிற்க முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த ஆற்றங்கரைக் காட்டில் செட்ஸி ஈ மொய்க்கும். அது கடித்தால் மாடு நோயில் சாகும். மாடும் ஒட்டகமும் மேய்த்து வாழும் சோமாலிக் குலங்கள் அதனாலேயே உள்ளே வரத் தயங்கின. மாடு இல்லாமல் மண்வெட்டி மட்டும் வைத்து விவசாயம் செய்பவனுக்கு அந்த ஈயே கோட்டைச் சுவர்.

1991-இல் சோமாலிய அரசு சரிந்தபோது ஜுப்பா கரை ஸிகுவா மக்களிடம் துப்பாக்கியும் இல்லை, காப்பாற்றக் குலப்பின்னணியும் இல்லை, கையில் தானியம் மட்டும் இருந்தது. எல்லாத் தரப்பும் கொள்ளையடித்தது. பெரும்பாலோர் கென்யாவின் தாதாப் முகாமுக்கு ஓடினார்கள். அங்கிருந்த சோமாலியப் பாண்டு அகதிகளில் சுமார் 12,000 பேரை ஏற்க அமெரிக்கா ஒப்புக்கொண்டு, 2003 முதல் குடியேற்றியது. வேறொரு பகுதியினர் கடல்வழியாக டான்சானியாவுக்கே வந்தனர். அவர்களுக்கு ஹண்டெனி மாவட்டத்தில் சோகோ என்ற இடத்தில் நிலம் ஒதுக்கப்பட்டது, பிறகு குடியுரிமையும் வழங்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பாட்டன் கிளம்பிய மாவட்டத்துக்கே பேரப்பிள்ளைகள் திரும்பினார்கள்.

ஆகவே "முஷுங்குலி" என்பது சோமாலியாவுக்குப் போன கிளைக்கு மட்டும். டான்சானியாவில் இருக்கும் ஸிகுவாவை அப்படி அழைக்கக் கூடாது. "பாண்டு பழங்குடி" என்பதையும் நீக்கிவிடுங்கள். பாண்டு என்பது நூற்றுக்கணக்கான மொழிகள் கொண்ட குடும்பத்தின் பெயர். "திராவிடப் பழங்குடி" என்று ஒருவரை அறிமுகம் செய்தால் எவ்வளவு தெளிவோ அவ்வளவுதான் இதுவும். "அடிமை வம்சம்" அறவே வேண்டாம். ஊரிலேயே இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. சாடானித் துறைமுகத்தை ஆண்ட ப்வானா ஹெரி இந்த ஸிகுவா மக்களின் பலத்தோடுதான் 1888 தொடங்கி ஜெர்மானியரை எதிர்த்தார். கூட்டாளி அபுஷிரி 1889 டிசம்பரில் தூக்கிலிடப்பட்ட பிறகும் விடாமல் நின்று 1890-இல்தான் பணிந்தார். போயும் போயும் அவர்களுக்கு அந்தப் பட்டமா?

---

சேர்க்காடு_மொழியியல் பதில்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும்.

ஸ்வாஹிலியின் வட்டார வழக்கு இல்லை. தனி மொழி. பெயர் சிஸிகுலா, பாண்டு மொழிகளுக்கு கத்ரி என்ற மொழியியலாளர் தந்த எண் வகைப்பாட்டில் ஜி31. நெருங்கிய உறவு ங்குலு (ஜி34), அடுத்து ஷம்பாலா (ஜி23), போண்டெய் (ஜி24). இந்த நான்கையும் சேர்த்து செயூட்டா மொழிகள் என்பார்கள். ஸ்வாஹிலி கொஞ்சம் தள்ளிய உறவு. ஹண்டெனியில் பள்ளி, அலுவலகம், சந்தை எல்லாம் ஸ்வாஹிலிதான், அதனால் எல்லோருக்கும் இரண்டும் தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிறவரைப் பார்த்து "இவர் பேசுவது தமிழின் வட்டார வழக்கு" என்று எழுதுவோமா?

அட்டையில் காட்ட எளிதான இலக்கணம் முன்னொட்டு. வேர் ஒன்றே, முன்னால் சேர்வது மாற மாறப் பொருள் மாறும். ம்ஸிகுலா ஒரு ஆள். வஸிகுலா பலர். சிஸிகுலா மொழி. உஸிகுலா நாடு. நாம் தமிழன், தமிழர், தமிழகம் என்று வாலில் சேர்ப்பதை அவர்கள் தலையில் சேர்க்கிறார்கள். ஸ்வாஹிலியோடு வித்தியாசமும் இங்கேயே தெரியும். மொழிக்கு ஸ்வாஹிலிக்காரர் "கி" போடுவார்கள், இங்கே "சி".

இன்னொன்று, மொழியியல் வகுப்புகளில் இந்த மொழி பேசப்படுவதே இதற்காகத்தான். சிஸிகுலா சுரமொழி. அசையைத் தூக்கிச் சொல்வதா தாழ்த்திச் சொல்வதா என்பது கணக்கு. ஸ்வாஹிலியில் இது கிடையாது. வேடிக்கை என்னவென்றால், தூக்கல் எந்த வேருக்குச் சொந்தமோ அந்த வேரில் ஒலிக்காது. சொல்லின் கடைசிக்கு முந்தைய அசைக்கு ஓடிவிடும்.

கு-லொ-ம்பெ-ஸ: வேண்டுதல். தூக்கல் "ம்பெ" மேல்.
கு-லொ-ம்பெ-ஸெ-ஸ: ஒருவருக்காக வேண்டுதல். தூக்கல் "ஸெ" மேல்.
கு-லொ-ம்பெ-ஸெ-ஸ-ன: ஒருவருக்கொருவர் வேண்டிக்கொள்ளுதல். தூக்கல் "ஸ" மேல்.

சொல் நீள நீளத் தூக்கலும் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. கு-ட-ம-ன்ய (செய்தல்) மாதிரி வேரிலேயே தூக்கல் இல்லாத சொற்கள் எவ்வளவு நீண்டாலும் தட்டையாகவே ஒலிக்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டினால்தான் புரியும், எழுத்தில் வைத்தால் வீண். தமிழ் நெடில் போட்டுத் தூக்கலைக் காட்ட முயலாதீர்கள். நெடில் என்பது நேரம், தூக்கல் என்பது உயரம். "லொம்பேஸா" என்று எழுதினால் நாம் இழுத்துத்தான் படிப்போம், உயர்த்த மாட்டோம்.

நான்காவது கேள்விக்கும் இதிலிருந்து ஒரு விஷயம் எடுக்கலாம். ஜுப்பா கரையில் ஒன்றரை நூற்றாண்டு, சுற்றிலும் கூஷ்டிக் குடும்பத்துச் சோமாலி மொழி, ஆனாலும் சிஸிகுலா சாகவில்லை. அதே சோமாலியாவுக்கு அடிமைகளாக வந்த யாவ், மக்குவா மக்களின் மொழிகள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஏன் இந்த வித்தியாசம் என்பதை வட ஆற்காட்டுக்காரருக்கு விளக்குவது சுலபம்.

---

காட்பாடி_காட்சியகம் பதில்:

அந்தக் கடைசி வரியைத்தான் பிடிக்க வேண்டும். வட ஆற்காட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

---

சேர்க்காடு_மொழியியல் பதில்:

ஒப்பந்தக் கூலி. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1903 முதல் 1916 வரை பிஜிக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆள் ஏற்றினார்கள். அதிகமாக ஆள் போன மாவட்டங்களில் வட ஆற்காடு ஒன்று. பிஜியில் அவர்கள் பேரப்பிள்ளைகளின் வீட்டு மொழி இன்று பெரும்பாலும் பிஜி இந்தி, நேட்டாலில் ஆங்கிலம். கோயில், தீமிதி, காவடி நிற்கிறது. பேச்சு நிற்கவில்லை.

மொழிப்பற்று குறைவு என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. பிஜிக்குப் போன ஏறக்குறைய 61,000 பேரில் சென்னை வழியாகப் போனவர் சுமார் 15,000. அந்த 15,000-லும் தமிழ், தெலுங்கு, மலையாளம் கலப்பு. கப்பல் இறங்கியதும் தோட்டத்துக்குத் தோட்டம் பிரித்து அனுப்பினார்கள். கூலி வரிசை வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவர் போஜ்புரி பேசுவார், மேஸ்திரியும் அப்படியே. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் பொதுமொழி ஒன்று உருவாகியே தீரும்.

ஜுப்பாவில் நடந்தது நேர் எதிர். ஸிகுவா மக்கள் ஒரே வட்டாரத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் போனவர்கள். அடிமை வாழ்க்கை ஒரு தலைமுறை தாண்டுவதற்குள் கூட்டமாகத் தப்பினார்கள். தப்பியதும் தங்களுக்கென்று ஊர் அமைத்தார்கள், அந்த ஊரில் பெரும்பான்மை அவர்களே. பின்னால் வந்த யாவ், மக்குவா மக்கள் சிதறி வந்தார்கள், பிழைக்க ஏதாவது ஒரு சோமாலிக் குலத்தின் நிழலில் ஒண்ட வேண்டியிருந்தது, மொழியும் அதோடு மாறியது.

அட்டைக்கு ஒரே வாக்கியம் போதும்: "இங்கிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் பிரித்து வைக்கப்பட்டதால் பேச்சை இழந்தார்கள். ஸிகுவா மக்கள் சேர்ந்தே தப்பியதால் காத்துக்கொண்டார்கள்."

   

---

களிக்கட்டை பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், மேசையில் மானம் போவது இங்கேதான்.

பெயர் உகாலி. இது ஸ்வாஹிலிப் பெயர், கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க உண்டு. ஸிகுவாவுக்கே உரிய உணவு என்று எழுதாதீர்கள். ஹண்டெனி மக்காச்சோளம் விளையும் பூமி, அதனால் தினப்படிச் சோறு அது. மழை பொய்த்தால் மரவள்ளி. இரண்டு மழைக்காலம் அவர்களுக்கு: மார்ச் முதல் மே வரை மாசிகா, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வூலி. "சோளக்களி" என்றும் எழுத வேண்டாம், நம்ம ஊரில் சோளம் என்றால் வெள்ளைச் சோளம். மக்காச்சோளக் களி.

மாவு வாங்கும்போது முதல் ஆபத்து. கடையில் "கார்ன் ஃப்ளோர்" என்று கேட்டால் சூப்புக்குப் போடும் ஸ்டார்ச்தான் கொடுப்பார். அதைக் கிண்டினால் பசை வரும், போஸ்டர் ஒட்டலாம். கேட்க வேண்டியது மக்காச்சோள மாவு. அங்கே வெள்ளை மக்காச்சோளம், இங்கே கிடைப்பது மஞ்சள். நிறமும் வாசனையும் வேறு, செய்முறை ஒன்றே. மஞ்சள் என்பதை அட்டையிலேயே சொல்லிவிடுங்கள். கோழித்தீவனத்துக்கு உடைத்ததை மில்லில் அரைத்து வாங்காதீர்கள், பூசணமும் தூசியும் இருக்கும்.

40 பேருக்கு ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு, 60 கிராம் போதும். அதற்கு 2 லிட்டர் தண்ணீர், சுமார் 900 கிராம் மாவு. உப்பு போடுவதில்லை.

நம் கேழ்வரகுக் களிக்கு நொய்யை வேகவைத்து, மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துளை போட்டு மூடி, ஆவியில் விட்டுப் பிறகு கிண்டுவோம். அதே கையோடு உகாலிக்குப் போனால் கெடும். இதில் முதலில் கஞ்சி. 100 கிராம் மாவை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை லிட்டர் கொதித்ததும் கரைசலை ஊற்றிக் கிளறி, ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இந்தக் கஞ்சிதான் கட்டி விழாமல் காப்பாற்றுவது. பிறகு மீதி மாவை நான்கைந்து தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி நசுக்கித் திருப்ப வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவோடு உருண்டை உருண்டையாக நிற்கும், அதை எந்தத் துடுப்பும் சரிசெய்யாது. ஓரத்தை விட்டுப் பந்தாகச் சுருண்டு வரும்போது தீயைக் குறைத்து மூடி ஐந்து நிமிடம். நம் களித்துடுப்பே போதும், அங்கே அதற்கு ம்விகோ என்று பெயர், தட்டையான மரக்கரண்டி.

ஆறினால் விறைத்துவிடும். ஹாட்பாக்ஸில் ஈரத்துணி விரித்து வையுங்கள். அரை மணிக்கு மேல் வைத்தால் மேலே ஏடு கட்டும்.

தொட்டுக்கொள்ள மரவள்ளி இலைக் கூட்டு, கிஸாம்வு, ரொம்பப் பொருத்தம். ஆனால் பொதுமேசைக்கு வேண்டாம். மரவள்ளி இலையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. கொழுந்தை உரலில் நன்றாக இடித்தால் இலையிலுள்ள நொதி அதைப் பிரிக்கும், திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதித்தால் அது ஆவியாகப் போகும். இடிக்காமல் நறுக்கிப் போட்டு, குக்கரை மூடி இரண்டு விசில் விட்டால் விஷம் உள்ளேயே தங்கும். அதற்குப் பதில் முளைக்கீரை. அவர்களும் அதை ம்சிச்சா என்று தினமும் சாப்பிடுகிறார்கள். வெங்காயம், தக்காளி வதக்கிக் கீரை போட்டுக் கடைசியில் தேங்காய்ப்பால். மிளகாய், தாளிப்பு, பெருங்காயம் கிடையாது. வேலூர் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும், அதற்காக மாற்றாதீர்கள்.

சாப்பிடும் முறையும் சொல்லுங்கள். வலது கையால் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, அந்தக் குழியில் கீரையை அள்ள வேண்டும். கேழ்வரகுக் களி மாதிரி விழுங்குவது இல்லை, மென்று தின்பது.

---

குடியாத்தம்_தறி பதில்:

உடை விஷயத்தை யாரும் தொடலை. கைலியை மாட்டி வெச்சுட்டு "இதுதான் அவங்க உடை"ன்னு எழுதிடாதீங்க சார். பெண்கள் உடுத்தறது காங்கா. பருத்தி, அச்சுத்துணி, தறியில் கட்டம் போடறது இல்ல. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல அகலம். ஜோடியாத்தான் விக்கும், ஒண்ணு இடுப்புக்கு, ஒண்ணு தோளுக்கோ தலைக்கோ. நாலு பக்கமும் கரை, அதுக்கு பிண்டோ. நடுப்பகுதி ம்ஜி. கீழ்க்கரைக்கு மேல ஸ்வாஹிலியில ஒரு வரி அச்சடிச்சிருக்கும், பழமொழி, குத்தல் பேச்சு, ஆசீர்வாதம், எதுவா வேணா இருக்கும். அந்த வரி தெரியற மாதிரி மாட்டணும், தலைகீழாத் தொங்கவிட்டா மானக்கேடு. இதுவும் கடற்கரை முழுக்க உள்ளது, ஸிகுவாவுக்கு மட்டும் இல்ல. நம்ம கைலிக்குக் கிட்ட வர்றது கிகோய், அது நெசவுத்துணி, ஆம்பளைங்க கட்டறது.

---

பாலாற்றங்கரை பதில்:

நான்காவது கேள்விக்கு இன்னொரு வழி: தாய்மாமன். ஸிகுவா குலம் மரபாகத் தாய்வழி. பிள்ளை அம்மாவின் குலம், அப்பாவின் குலம் இல்லை. அதனால் குடும்பத்தில் அதிகாரம் உள்ள ஆண் அம்மாவின் அண்ணன் தம்பி. தங்கை பிள்ளைகளின் கல்யாணம், வழக்கு, பொறுப்பு எல்லாம் அவர் பக்கம். இஸ்லாம் பரவியதும் (இன்று பெரும்பான்மை முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களும் உண்டு) சொத்து அப்பா வழியாக இறங்குவதும் சேர்ந்துகொண்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் "நம்ம தாய்மாமன் மாதிரியே" என்று எழுதினால் தப்பு. இங்கே காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாவற்றிலும் மாமன் சீர் செய்கிறவர். பிள்ளையின் குலம் அப்பாவினுடையது, மாமன் பெண் கொடுக்கும் வீட்டார், வெளியார். அங்கே மாமனும் மருமகனும் ஒரே குலம், அப்பாதான் வெளிக்குலத்தார். மரியாதை ஒன்று, காரணம் தலைகீழ். 120 சொல்லில் இதைச் சரியாகச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிட்டு மொழி வாக்கியத்தையே வையுங்கள்.

---

காட்பாடி_காட்சியகம் பதில்:

மாமன் விஷயம் மேசையில் நிற்பவர் வாயால் சொல்லட்டும், அட்டையில் மொழி. இப்போதைய வாசகம்:

"ஸிகுவா (தம்மைச் சொல்லிக்கொள்வது ஸிகுலா) டான்சானியாவின் வடகிழக்கில், பங்கானி, வாமி ஆறுகளுக்கு இடையே வாழும் மக்கள். தாய்வழிக் குலத்தவர். மொழி சிஸிகுலா. 19ஆம் நூற்றாண்டில் சோமாலியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஒரு பகுதியினர் கூட்டமாகத் தப்பி ஜுப்பா ஆற்றங்கரையில் ஊர் அமைத்தனர். அங்கே அவர்களை முஷுங்குலி என்பர். இங்கிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் பிரித்து வைக்கப்பட்டதால் பேச்சை இழந்தார்கள். ஸிகுவா மக்கள் சேர்ந்தே தப்பியதால் காத்துக்கொண்டார்கள். இன்று இங்கே: உகாலி (மஞ்சள் மக்காச்சோளத்தில், அங்கே வெள்ளை), முளைக்கீரை."

---

சேர்க்காடு_மொழியியல் பதில்:

"கரும்புத் தோட்டத்துக்கு" என்பதற்கு முன்னால் "பிஜி" சேருங்கள், இல்லாவிட்டால் ஆம்பூர்ச் சர்க்கரை ஆலை என்று நினைப்பார்கள். மற்றபடி அச்சுக்கு அனுப்பலாம்.